காமன் பொட்டலில் தொடங்கிய கல்வி: ஊவாத் தோட்டங்களும் மலையகக் கலைப் பயிற்சி நிலையமும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கலைப் பயிற்சி எப்போது, எங்கே தொடங்கியது என்று ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு கட்டடத்தையும், அதன் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையையும், திறப்புவிழா நடந்த நாளையுமே தேடுகின்றனர். அவ்வாறு தேடுவோர் கைக்கு மலையகக் கலையின் வரலாறு அகப்படுவதில்லை. ஏனெனில், கூரையும் சுவரும் இல்லாமலே ஆசிரியரும் மாணவரும் பாடமும் பருவமும் அரங்கேற்றமும் கொண்ட பயிற்சி ஒழுங்கொன்று நூறாண்டுகளுக்கும் மேலாக இத்தோட்டங்களில் இயங்கி வந்துள்ளது. தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளாகிய லயங்களுக்கு அருகே, காமன் கூத்து ஆடுவதற்கென விடப்பட்ட வெட்டவெளியாகிய காமன் பொட்டலே அதன் இடம். பதுளை மாவட்டத்தில் மலையகக் கலைகளுக்கென ஒரு பயிற்சி நிலையம் எதற்காக இருக்க வேண்டும், அது எப்படி இயங்க வேண்டும் என்னும் ஆராய்ச்சி இப்பொட்டலிலிருந்து தொடங்கினால்தான் பயன்தரும் என்பதே இச்சொற்பொழிவின் கருத்து.

ஊவா 1886ஆம் ஆண்டு பிரித்தானிய ஆட்சியில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகர். ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, தெமோதரை, பசறை, நமுனுகலை, லுணுகலை, மடுல்சீமை, பூணாகலை என விரியும் அதன் மலைத்தொடர்களில் முதலில் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்த பின்னர் அம்மலைகள் தேயிலைக்கு மாறின. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கி, தம்பேத்தன்னைத் தொழிற்சாலையைக் கட்டியதும் இம்மாற்றத்தின் ஒரு பகுதியே. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924 வரை பதுளைக்கு அப்பாலுள்ள மலைகளுக்குப் போனவர்கள் நடந்தோ வண்டியிலோதான் போனார்கள். இவ்வொதுக்கத்தால் மக்கள் பட்ட துன்பம் பெரிது. எனினும், வெளியிலிருந்து பொழுதுபோக்கு எதுவும் எளிதில் ஏறிவர முடியாத அந்த மலைகளில், கொண்டுவந்த கலையையே மீண்டும் மீண்டும் ஆடவும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கவும் வேண்டிய நிலையையும் அதே ஒதுக்கம் உண்டாக்கியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 18 வீதத்தினர் இந்தியத் தமிழர் என்னும் பிரிவில் பதியப்பட்டுள்ளனர். தம்மை மலையகத் தமிழர் என அழைத்துக்கொள்ளும் இச்சமூகத்தின் கலைகளே இங்கு பொருளாகின்றன.

தொழிலாளர் திரட்டப்பட்ட முறைக்கும் கலைகள் வந்து சேர்ந்த முறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கங்காணி என்பவர் தம் ஊரிலும் அயலூர்களிலும் உறவினரையும் அறிமுகமானவரையும் ஒரு கூட்டமாகச் சேர்த்து, முன்பணக் கடனோடு தோட்டத்துக்கு அழைத்து வந்தவர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய வட்டாரங்களிலிருந்து ஊர் ஊராக, உறவு உறவாக மக்கள் வந்தமையால், ஒரு கூத்தை ஆடுவதற்கு வேண்டிய பாட்டுக்காரரும் மேளக்காரரும் ஒப்பனை தெரிந்தவரும் ஒரே கூட்டத்தில் அமைய வாய்ப்பிருந்தது. தனித்தனியாக ஆட்கள் சேர்க்கப்பட்டிருந்தால் தனிப்பாடல்கள் வந்திருக்கும். ஒரு முழு இரவுக் கூத்து வந்திருக்காது. ஆனால், தோட்டத்தில் தஞ்சாவூர்க்காரரின் லயத்துக்குப் பக்கத்தில் கொங்குநாட்டாரின் லயம் இருந்தது. ஆகவே, சொந்த நாட்டில் ஒரு வட்டாரத்துக்கே உரியதாயிருந்த கூத்து இங்கு மற்ற வட்டாரத்தாரும் பார்த்து, பழகி, பங்கேற்கும் கூத்தாயிற்று. காமன் கூத்து, கொங்குநாட்டு அண்ணன்மார் கதையைச் சொல்லும் பொன்னர் சங்கர், பாரதக் கதையிலிருந்து எடுக்கப்பட்ட அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் ஒரே மலையில் ஆடப்படுவது இக்கலப்பின் விளைவு. தமிழகத்திலேயே இம்மூன்றையும் ஒரே ஊரில் காண்பது அரிது.

மலையக இலக்கியத்தின் மிகப் பழைய அச்சு நூலாகக் கருதப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யும் இங்கு குறிப்பிடத்தக்கது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றி 1869இல் வெளிவந்த இந்நூல், கோப்பிச் செய்கையை வெள்ளைத் துரைமாரின் பார்வையில் நின்று பேசுவது. தொழிலாளரின் துயரம் அதற்குப் பொருளன்று. ஆயினும், பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் கும்மியின் மெட்டையே அது தெரிந்தெடுத்தது. தொழிலாளரிடம் ஒன்றைச் சொல்லிப் பதியவைக்க வேண்டுமானால் அவர்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த வடிவத்துக்குள் புகவேண்டும் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டிருக்கிறது.

காமன் கூத்தைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். தவத்திலிருந்த சிவனின் மோனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவ, அவன் மலர்க்கணை தொடுக்க, நெற்றிக்கண் திறந்து அவன் சாம்பலாக, அவன் மனைவி ரதி புலம்ப, பின் அவளுடைய வேண்டுதலுக்கு இரங்கி அவன் உயிர்ப்பிக்கப்படுவதே கதை. மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் காலத்தில் பொட்டலில் கம்பம் நடப்படும். கம்பம் என்பது காமனாகப் பாவிக்கப்பட்டு நாள்தோறும் பூசை பெறும் நடுமரம். அன்று தொடங்கி முழுநிலா வரை ஒவ்வோர் இரவும் பாட்டும் ஆட்டமும் நிகழும். முழுநிலாவையொட்டிய இரவில் ரதி மன்மதன் திருமணம், தூதன் ஓலை கொண்டு செல்லுதல், தட்சன் வேள்வி, வீரபத்திரன் வருகை, எமன் வருகை, காமன் தகனம் ஆகிய காட்சிகள் விடியும்வரை நிகழ்ந்து கம்பம் எரியூட்டப்படும். மூன்றாம் நாள் காமன் உயிர்பெறுவதாகச் சடங்கு நிறைவுறும். இப்பருவமும் தற்செயலாக அமைந்ததன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, சித்திரைக் கொழுந்து பொங்கத் தொடங்குவதற்கு முந்தைய இடைவெளியில், இரவு வானம் தெளிந்திருக்கும் நாட்களில் இக்கூத்து வருகிறது. தமிழக உழவரின் அறுவடை கழிந்த ஓய்வுக்கெனப் பிறந்த நாட்காட்டி, தேயிலை மலையின் வேலை ஒழுங்குக்கும் பொருந்திப்போனது கூத்தின் நல்லூழ் எனலாம்.

பயிற்சி என்னும் நோக்கில் பார்க்கும்போது, கம்பம் நட்ட நாளிலிருந்து தகனம் வரையுள்ள அந்த இரண்டு வாரங்களே பாடவேளை. கூத்தைப் பழக்குபவரை மக்கள் வாத்தியார் என்றும் மாஸ்டர் என்றும் அழைக்கின்றனர். பகலில் அவரும் மற்றவர்களைப் போலக் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவராகவோ, நீர் வடியும் கான் வெட்டுபவராகவோ, தொழிற்சாலையாகிய ஸ்டோரில் வேலை செய்பவராகவோ இருப்பார். அவரிடம் ஒரு பாட்டுக் கொப்பி இருக்கும். தம் ஆசிரியரின் கொப்பியைப் பார்த்து எழுதியது, இடையிடையே தாமே சேர்த்த அடிகளைக் கொண்டது, ஈரத்தில் மை கலங்கியது. தாளக்கட்டு இன்றி நீட்டிப் பாடும் விருத்தம், தாளத்தோடு ஆடிப் பாடும் சிந்து, பேச்சாகச் சொல்லும் வசனம் ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கும். எழுத்தறியாதவர் பலர் வாத்தியாராக விளங்கியுள்ளனர். அவர்களுக்குக் கொப்பியை எழுதிக்கொடுப்பதும் படித்துக்காட்டுவதும் தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளையின் வேலையாக இருந்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசால் பொறுப்பேற்கப்படும்வரை அவற்றில் பெரும்பாலும் ஓரிரண்டு ஆசிரியரே இருந்து ஆரம்ப வகுப்புகளை மட்டும் நடத்தினர் என்பதை நினைத்தால், பல பிள்ளைகளுக்கு அவ்வெழுத்தறிவு முதன்முதலில் உண்மையாகப் பயன்பட்டது இக்கொப்பியில்தான் என்று சொல்வதில் மிகையில்லை.

பாத்திரங்கள் வழங்கப்படும் முறையும் ஒரு வகுப்பேற்றமாகவே அமைந்துள்ளது. ரதி, மன்மதன் வேடங்களைப் பெரும்பாலும் இளவயது ஆண்பிள்ளைகளே ஏற்கின்றனர். அவர்களில் பலர் பெற்றோர் வைத்த நேர்த்திக்கடனுக்காக வேடம் கட்டுபவர்கள். அவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, கூத்து முடியும்வரை வீட்டு உணவிலும் நடத்தையிலும் கட்டுப்பாடு காக்க வேண்டும். குரல் உடைந்து மீசை அரும்பியதும் ரதி வேடம் இன்னொருவனுக்குப் போகிறது. முந்தைய ரதி தூதனாகவோ நந்தியாகவோ ஆகிறான். உடலும் குரலும் முதிர்ந்த பின் வீரபத்திரனாகவோ எமனாகவோ களமிறங்குகிறான். இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெவ்வேறு வேடங்களில் நின்று வந்தவன் எல்லாப் பாத்திரங்களின் பாட்டையும் அறிந்தவனாகிறான். அடுத்த வாத்தியார் அவனே. தேர்வு என ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை; வேலைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் காலையில் ஒன்றாக நின்று, மலையில் ஒன்றாக வேலைசெய்து, அதே கூத்தை ஆண்டுதோறும் பார்த்துவரும் கூட்டத்தின் முன் ஓரடி தவறினாலும் அது மறுநாள் கொழுந்து மலையில் பேச்சாகிவிடும். இதைவிடக் கடுமையான தேர்வு மன்றம் எந்த நிறுவனத்திலும் இல்லை. செலவுக்கும் ஒழுங்கு இருந்தது: கோயில் கமிட்டியும் தோட்டத் தலைவரும் குடும்பத்துக்கு இவ்வளவென வரி விதித்துத் திரட்டினர், பல தோட்டங்களில் திருவிழா வரி சம்பளப் புத்தகமாகிய செக்ரோல் வழியாகவே பிடிக்கப்பட்டது.

பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இதே ஒழுங்கில், ஆனால் வேறு திறன்களைப் பயிற்றுவித்தன. முன்னது பல இரவுகளுக்கு நீளக்கூடிய நெடுங்கதை; நினைவாற்றலே அதற்கு முதல். பின்னதில் அருச்சுனன் பாசுபதம் வேண்டி உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு என்னும் அந்த அமைப்பு மூச்சுக்கும் துணிவுக்கும் வைக்கப்படும் சோதனை. இவற்றோடு மார்கழிப் பஜனை, கரகம், காவடி, கோலாட்டம், ஒயில் முதலியனவும் உண்டு. தொழிலோடு ஒட்டிய வழிபாடுகளையும் மறந்துவிடலாகாது: கவ்வாத்துக் காலத்தில் வழிபடப்படும் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கென உருவான ரோதைமுனி ஆகியோர் தமிழகத்தில் இல்லாத தெய்வங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த இயந்திரத்துக்கு ஒரு முனியைக் குடியேற்றி, அதற்குப் பூசையும் மேளமும் வகுத்த மக்களைப் பழைமையை வெறுமனே சுமந்து வந்தவர்கள் என்று வருணிப்பது பொருந்தாது; அவர்கள் இம்மண்ணில் புதிதாகப் படைத்தவர்கள்.

இக்கலைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிப்பது தப்பு. மரத்தாலான வளையத்தில் தோலை இழுத்து ஒட்டி, அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சி, ஒரு கையில் குறுந்தடியும் மறுகையில் மெல்லிய நீள்குச்சியும் கொண்டு அடிக்கப்படும் இக்கருவி, தமிழகத்தில் பறை என வழங்கப்படுவதே. கோயிலுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என அதன் அடிமுறைகள் வேறுபடும். கூத்திலும் ரதிக்கு மெல்ல நடக்கும் அடியும் வீரபத்திரனுக்குத் துரிதமான அடியும் தனித்தனியாக உண்டு. தோட்டத்தில் அதற்கு மற்றுமொரு வேலையும் தரப்பட்டது: விடியுமுன் லயங்களை எழுப்பி வேலைக் கணக்கெடுப்பாகிய பிரட்டுக்கு மக்களை அழைத்ததும் தப்பே. நிர்வாகத்தின் கட்டளையையும் மக்களின் தெய்வத்தையும் ஒரே தோல் ஒலித்தது.

தப்பு அடித்தல் ஒரு சாதியாரின் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும், சாவு வீட்டில் அதை அடிப்பவரைத் தீண்டாமையோடு நடத்தும் வழக்கம் கடல்கடந்தும் தொடர்ந்தது என்பதையும் கலைப் பெருமிதப் பேச்சுகள் எளிதில் கடந்துவிடுகின்றன. படித்த இளைஞர் பலர் தப்பைக் கைவிட்டது கலையுணர்வு குன்றியதால் அன்று, இழிவை மறுத்ததால். அம்மறுப்பை மதியாமல் 'நம் பாரம்பரியம் அழிகிறது' என்று புலம்புவது நேர்மையாகாது. இதே மலைகளில் சிங்கள மக்களின் உடரட்ட நடனத்தை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு தெளிவு கிடைக்கும். கொஹொம்பா கங்காரிய என்னும் வேண்டுதல் சடங்கில் பெறவா சாதியார் பரம்பரையாக அடித்த மேளமும் ஆடிய ஆட்டமும், சுதந்திரத்துக்குப் பின் அரச பாடசாலைகளின் பாடமாகவும் நாட்டின் அடையாளமாகவும் உயர்த்தப்பட்டன. அச்சாதியார் பலருக்கு நடன ஆசிரியப் பதவி கிடைத்தது. பதுளை முத்தியங்கனை விகாரையின் பெரஹராவில் அவ்வாட்டத்தை ஊரே திரண்டு காண்கிறது. அங்கும் சாதி முற்றாக மறைந்துவிடவில்லை; ஆயினும் கலைஞனுக்குச் சம்பளமும் பதவிப் பெயரும் தரப்பட்டால் அவன் பிள்ளை அக்கலையை விட்டு ஓடவேண்டியதில்லை என்பது அதனால் நிறுவப்பட்டது. தமிழகத்தில் திண்டுக்கல்லிலுள்ள சக்தி கலைக்குழு, தலித் பெண்பிள்ளைகளுக்குப் பறையைக் கற்பித்து, ஆண்களின் சாவுக் கடமையாக இருந்ததைப் பெண்களின் தன்மதிப்புக் கலையாக மாற்றியது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. தப்புக்கு மலையகத்தில் இடம் தேடுவோர்க்கு இவை வெறும் செய்திகள் அல்ல, பின்பற்றத்தக்க முறைகள்.

பெண்களின் பாட்டு பொட்டலுக்கு வெளியே கற்கப்பட்டது. தாலாட்டைத் தொட்டிலடியிலும், ஒப்பாரியைச் சாவு வீட்டிலும், கொழுந்துப் பாட்டை மலையிலும் கேட்டுக் கேட்டுப் பாடியவர்கள் அவர்கள். காமன் கூத்தில் ரதி வேடம் ஆணுக்கு உரியதாயினும், காமன் எரிந்தபின் அவ்வேடம் ஏற்றவன் பாடும் புலம்பல் தன் தாயும் பாட்டியும் பாடிய ஒப்பாரியின் ராகத்திலேயே நடக்கிறது. அவ்வேளையில் பொட்டலைச் சூழ்ந்து அமர்ந்த பெண்கள் அழுவதும் அதனாலேயே. கூத்தின் உச்சக் காட்சிக்கு ஆசிரியைகள் பெண்களே. அவர்களுக்கு வாத்தியார் என்னும் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், 1930களிலும் 1940களிலும் தோட்டத்துக் கூட்டங்களில் அரசியலைப் பாட்டாகப் பாடி இக்குரலைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), தோட்டத்துப் பாடல்களைச் சேகரிப்பதைத் தம் வாழ்நாள் பணிகளில் ஒன்றாகக் கொண்டார். காமன் கூத்து உள்ளிட்ட மரபுக் கலைகளை எழுதிப் பதிந்தவர்களுள் மாத்தளை வடிவேலன் முதன்மையானவர். அந்தனி ஜீவா நாடகத்தையும் வீதி அரங்கையும் தொழிலாளரிடம் கொண்டுசென்றார். பதுளை மாவட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022), தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயராக்கி, ஊவா லயத்தின் வாழ்வைச் சிறுகதையில் நிலைநிறுத்தினார்.

பொட்டலின் கல்வி தளர்ந்ததற்குத் தொலைக்காட்சியைக் குறைகூறுவது வழக்கம். அது சிறு காரணம் மட்டுமே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. அப்போது முடிவாகாமல் எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. பெயர்ப்பட்டியலின்படி குடும்பங்கள் கப்பலேறியபோது ஒரு கூத்துக் குழு இரண்டாகப் பிரிந்தது. வாத்தியார் போக மேளக்காரர் நிற்க, கொப்பி போக ஆடத் தெரிந்தவர் நிற்க, பல பொட்டல்கள் வெறுமையாயின. 1983 யூலையில் தமிழருக்கெதிரான வன்செயலில் பதுளையும் பண்டாரவளையும் எரிந்தபின்னர் விடியவிடிய வெளியில் கூடியிருப்பது அச்சமூட்டும் செயலாயிற்று. 1992இல் தோட்டங்கள் அரசிடமிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குத் திரும்பிய பின் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குச் செல்வோர் பெருகி, மாசியில் ஊரில் நிற்கும் இளைஞர் தொகை சுருங்கியது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, ஒரு தோட்டத்தின் பொட்டலும் கோயிலும் நினைவும் ஒரே காலைப்பொழுதில் இல்லாமற் போகக்கூடும் என்பதும் தெரிந்தது.

கூத்தை நிறுவனத்துக்குள் கொண்டுவரும் முயற்சி இலங்கையில் புதியதன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவரைப் பழக்கி, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1967) ஆகியவற்றை மேடையேற்றினார். ஈழத்து அரங்கின் திருப்புமுனையாகிய அம்முயற்சியின் பெருமை மறுக்கவொண்ணாதது. எனினும், தேயிலை மலைகள் சூழ்ந்த வளாகத்திலிருந்து மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து வரை சென்று திரும்பிய அப்பார்வை, அருகிலிருந்த காமன் பொட்டலில் அதே அளவு தங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கழகமும், மட்டக்களப்பில் 1982இல் தோன்றிய சுவாமி விபுலானந்தர் இசை நடனக் கல்லூரியும் பின்னர் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பட்டம் வழங்கும் நிலைக்கு வளர்ந்தன. அவற்றில் கற்று வந்த ஆசிரியர்களே மலையகப் பாடசாலைகளில் கர்நாடக இசையையும் பரதத்தையும் கற்பிக்கின்றனர். ஆகவே பசறைத் தோட்டத்துப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்கு சரளி வரிசை பாடி மதிப்பெண் பெறலாம். தன் பாட்டனார் ஆடிய தூதன் பாட்டுக்கு அச்சங்கீதப் பாடத்தில் இடமில்லை. சங்கீதம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதை வகுப்பறை வாசலில் கழற்றிவைக்கச் சொல்லக்கூடாது என்பதே.

தென்னிந்தியாவின் இரண்டு முன்மாதிரிகள் எதிரெதிரான பாடங்களைத் தருகின்றன. கவிஞர் வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலம் கதகளியை அழிவிலிருந்து காத்தது; அதற்கு ஈடாக, முழு இரவு ஆட்டத்தை மணிக்கணக்கான பாடவேளையாகவும் வேண்டுதலை நிகழ்ச்சியாகவும் மாற்றியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே எம். தெ புரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் வேறு வழியிற் சென்றது. கூத்துக்குப் போகும் பிள்ளை பள்ளியை விடுகிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளை கூத்தை விடுகிறது என்னும் இக்கட்டுக்கு விடையாக, பொதுக்கல்வியையும் கூத்தையும் ஒரே கூரையின்கீழ் அது தந்தது. காலங்காலமாக ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் கற்பித்தது. 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டது. நல்ல நோக்கமும் சிறந்த ஆசிரியரும் இருந்தும் தொடர்ச்சியான பொருள்வளம் இல்லையேல் இத்தகைய நிலையம் நிலைக்காது என்பது ஊவா கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி. அரசின் கலாசார அலுவல்கள் திணைக்களம் பிரதேச மட்டத்தில் கலாசார நிலையங்களை நடத்துகிறது; தோட்டத்துக் கோயில் கமிட்டிகள் இன்றும் வரி திரட்டுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதுதான் இப்போதைய குறை.

இவ்வளவையும் கருதும்போது, பதுளையில் அமையக்கூடிய மலையகக் கலைப் பயிற்சி நிலையத்தின் முதற்பணி மாணவரைச் சேர்ப்பதன்று, வாத்தியாரைச் சேர்ப்பது. அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். தோட்டத்து ஒருநாட் கூலியை இழந்து கற்பிக்க வருமாறு எவரையும் கேட்க முடியாது. இலங்கையின் தேசிய தொழிற்றகைமை முறையில், பாடசாலைக்குச் செல்லாமல் அனுபவத்தால் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி ஏற்கெனவே உண்டு. தச்சருக்கும் மேசனுக்கும் பொருந்தும் அவ்வழி, தப்பு அடிப்பவருக்கும் கூத்து வாத்தியாருக்கும் திறக்கப்பட்டால் அவர்கள் பாடசாலைகளில் வருகைதரு பயிற்றுநராக நுழைய முடியும். இரண்டாவது பணி கொப்பிகளைப் படியெடுப்பது. மூலக் கொப்பியைப் பறித்து ஆவணக்காப்பகத்தில் வைக்கக்கூடாது. படியெடுத்தபின் அது வாத்தியாரின் வீட்டுக்கே திரும்ப வேண்டும், ஏனெனில் அடுத்த மாசியில் அவருக்கு அது தேவை. ஒவ்வொரு தோட்டத்தின் பாடபேதமும் தனித்தனியே காக்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் சீர்செய்து ஒரே அச்சுப் பிரதியாக்கும் ஆர்வம் அறிஞர்களுக்கு எழுவது இயல்பு, ஆனால் நமுனுகலையின் ரதியும் பூணாகலையின் ரதியும் ஒரே பாட்டைப் பாட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றாவதாக, தப்புப் பயிற்சி சாதிப் பெயரின்றி, ஆண் பெண் வேறுபாடின்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலாண்டின் கட்டாயப் பாடமாக வேண்டும். அதை எவரும் சாவு வீட்டுக் கடமையாக அடிக்கப் பணிக்கப்படமாட்டார் என்னும் உறுதியையும் நிலையம் எழுத்தில் தர வேண்டும். பெண்கள் ரதி வேடம் ஏற்பது பற்றிய வினாவை நிலையமே முடிவுசெய்துவிட இயலாது. விரதமும் நேர்த்தியும் கலந்த அவ்விடயத்தில் அந்தந்தத் தோட்டத்துப் பெண்களின் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும். ஆனால், ஒப்பாரியும் தாலாட்டும் கற்பிக்கும் ஆசிரியைகள் அதே சம்பளத்தில் அமர்த்தப்படுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

நிலையத்தின் நாட்காட்டி மற்ற நிறுவனங்களுடையதைப் போல அமையலாகாது. மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பதுளை நகருக்கு வரும் பிள்ளைக்கு மாலையில் திரும்பிச் செல்ல பஸ் கிடைப்பது எளிதன்று. ஆகையால் தங்குமிடமின்றி நகரில் நடத்தப்படும் வகுப்பு நகரப் பிள்ளைகளின் வகுப்பாகவே முடியும். பாடசாலை விடுமுறைகளில் தங்கிப் பயிலும் முகாம்கள் நகரிலும், மற்றைய மாதங்களின் வார இறுதி வகுப்புகள் தோட்டங்களிலும் நடைபெறுவதே பொருத்தம். மாசி வளர்பிறை தொடங்கியதும் நிலையத்தின் கதவு பூட்டப்பட்டு, ஆசிரியரும் மாணவரும் தத்தம் பொட்டல்களுக்குச் சென்றுவிட வேண்டும்; ஆண்டின் மதிப்பீட்டை நிலையத்தின் தேர்வாளர் அங்கு போய், கம்பத்தைச் சுற்றி அமர்ந்த மக்களோடு அமர்ந்து, விடியும்வரை பார்த்தே வழங்க வேண்டும்.